பின்னம் என்று கேட்டேன்

ஃபோனை வாய்க்கு நேரே பிடித்து
'ஆறாம் வகுப்பு பின்னம் வகுத்தல்' என்றேன்.
'ஆறாம் வகுப்பு பின்னல்' என்று எழுதிக்கொண்டது.
மீன்முள் பின்னல், பூச்சடை, ஐந்துகால் பின்னல்,
பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் போட ஒரு பின்னல்.
கீழே, வட்டப் பின்னல் மெஷின் விற்பனைக்கு,
இருபத்துநாலு கேஜ், விலை பேசி முடிக்கலாம்.

திருப்பூரில் உட்கார்ந்து சொன்னால்
அதற்கும் அப்படித்தான் காதில் விழும்போல.

தன்விகா சிரிக்கவில்லை.
திங்கட்கிழமை டெஸ்ட்.
அவள் அம்மா செக்கிங்கில்.
சனிக்கிழமையும் ஷிப்மெண்ட் என்று
ஒன்றரை ஷிப்ட் நிறுத்திக்கொண்டார்கள்.
வகுத்தல் எல்லாம் அவள்தான்.
எனக்கு எட்டாவதோடு கணக்கு முடிந்தது;
அப்புறம் வந்தது டஜன் கணக்கு.

எழுத்துக்கூட்டி அடித்தேன்.
ஒருத்தர் ரம்மி ஆடக் கூப்பிட்டார்.
ஒருத்தர் அஞ்சு நிமிசத்தில் கடன் என்றார்.
ஒரு இடத்தில் பாப்பா படம், பலூன், நட்சத்திரம்;
நம்பர் கொடுத்தால்தான் கதவு திறக்குமாம்.
கொடுத்தேன்.
கொடுத்த கை எடுக்குமுன்னே மணி அடித்தது:
'சார், குழந்தையோட எதிர்காலம் பத்தி
ரெண்டு நிமிசம் பேசலாமா?'
எதிர்காலம் மாசம் மூவாயிரத்து இருநூறு.
தவணையும் உண்டு.

ஒன்பதரைக்கு ஒரு டீச்சர் கிடைத்தார்.
பேர் போடவில்லை. முகமும் இல்லை.
கரும்பலகை, சாக்பீஸ் பிடித்த கை,
பின்னால் எங்கோ குக்கர் விசில்.
இருநூற்றிப் பதினோரு பேர் பார்த்திருந்தார்கள்.
'முக்காலைக் காலால் வகுக்கணும்னா
காலைத் தலைகீழாத் திருப்பிப் பெருக்குங்க' என்றார்.
விடை மூன்று.

'ஏனுங்ப்பா திருப்பணும்?'

மறுபடி ஓட்டினேன்.
டீச்சர் மறுபடி திருப்பினார்.
ஏன் என்று சொல்லவில்லை.
நாலாவது தடவை ஓட்டும்போது
குக்கர் விசில் எப்போது வரும் என்று
இருவருக்கும் தெரிந்திருந்தது.

எழுந்துபோய் அலமாரியில் கிடந்த
வெட்டுத்துணி ஒன்றை எடுத்தேன்.
சாம்பல் நிற மெலாஞ்ச், லே போட்டதில் மிஞ்சியது.
டேப்பை வைத்து முக்கால் மீட்டர் அளந்தேன்.
பதினேழு வருசமாக இந்தக் கைக்குத் தெரிந்த ஒன்றை
வாயால் சொல்ல வேண்டியிருந்தது.
'ஒரு மீட்டர்ல கால் மீட்டர் துண்டு எத்தனை விழும் கண்ணு?'
'நாலு.'
'அந்த நாலுதான் மேல ஏறி உக்காருது.
நம்மகிட்ட இருக்கிறது முக்கால்தான்.
நாலுல முக்கால்?'

அவள் துணியை மடித்தாள். பிரித்தாள்.
மூன்று என்று வாய் திறக்காமல்
மூன்று விரலைக் காட்டினாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
அடுத்த கணக்கு:
மூன்றில் இரண்டை, ஐந்தில் நான்கால் வகு.
வெட்டிப் பார்த்தேன். துண்டே பத்தவில்லை.
ஒரு முழுத்துண்டுகூட விழாததற்கு
எப்படி விடை வரும்?
கட்டிங் டேபிளில் இதற்குப் பேர் வேஸ்டு.
'அஞ்சு வந்து ஆறுல...' என்று
பென்சிலைக் கடித்துக்கொண்டே
திருப்பிப் பெருக்கி அவளே போட்டுவிட்டாள்.
சரியா என்று சொல்ல ஆளில்லை.

ஃபோனை மறுபடி வாய்க்கு நேரே பிடித்தேன்.
'பின்னல்' என்றது.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்,
மெஷினில் நூல் அறுந்த இடத்தைப் பார்க்கிற மாதிரி.
'நீங்க கடைசியில வாயைத் திறந்தே வெச்சிருக்கிறீங்ப்பா.
உதட்டை மூடுங்.'

பின்ன
ம்.

கேட்டுவிட்டது.