பழுது வைக்கிற வேலை

காகிதப்பட்டறையில் இரும்போடு கிடந்தவன் நான்.
பேர்தான் அப்படி. பதினெட்டு வருஷத்தில்
அந்தத் தெருவில் யாரும் காகிதம் செய்து பார்த்ததில்லை.
போன மாதம் தபாலில் ஒன்று வந்தது:
மோட்டார் மெக்கானிக் பிரிவு, பயிற்றுநர்,
ஒன்றாம் தேதி, காலை எட்டரைக்குள்.

நஷ்டமா என்றார்கள்.
இல்லை. வண்டிகள் மூன்று மாதத்துக்கு வரிசையில் நின்றன.
ரத்தினகிரி டாக்டரின் ஹெரால்டு,
வாலாஜாவிலிருந்து ஒரு மாரிஸ் மைனர்,
தோல் மண்டிக்காரரின் மார்க் டூ.
கடனா என்றார்கள்.
ஊர்தான் எனக்குத் தரவேண்டும்.

காரணம் கேட்டால்
பள்ளிகொண்டா டோல்கேட்டைத்தான் காட்டவேண்டும்.

மே மாதம், மதியம் இரண்டு மணி.
வேலூர் வெயிலை வேலூர்க்காரருக்கு விளக்க வேண்டாம்.
ஆம்பூர் மெஹருன்னிசா போனில் வந்தார்:
"ஃபியட் நின்னுபோச்சு தேசிங்கு,
பின்னாடி லாரிங்க ஆரன் அடிச்சே சாகடிக்குது, உடனே வாங்க."
நான் மார்க் டூவின் அடியில் மல்லாந்திருந்தேன்,
சைலென்சரை ஒரு கை தாங்க.
போக முடியாது.
பானெட்டைத் திறக்கச் சொன்னேன்.
"எனக்கு ஒண்ணும் தெரியாதே."
பெட்ரோல் குழாய் தெரிகிறதா?
கை வைக்காதீர்கள், சுடும்.
அது போகிற வழியே கண்ணை மட்டும் நடத்துங்கள்.
"ஒரு சின்ன டப்பாவுல போய் நிக்குது."
அதுதான் பம்ப். துணியை நனைத்து அதன்மேல் போடுங்கள்.
"என்ன துணி?"
எது இருக்கிறதோ அது.

பத்து நிமிஷம் இரண்டு பேரும் பேசவில்லை.
போனுக்குள் ஆரன், வெள்ளரிப்பிஞ்சு விற்பவன் குரல்,
யாரோ யாரையோ திட்டுவது.
அப்புறம் செல்ஃப் இழுத்தது. இழுத்தது.
பிடித்துக்கொண்டது.

எத்தனையோ எஞ்சினை எழுப்பியிருக்கிறேன்.
என் கை படாமல் எழுந்தது அது ஒன்றுதான்.
சைலென்சர் துரு கண்ணில் உதிர,
படுத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் காரணமென்று யார் ஒத்துக்கொள்வார்கள்?
பூங்காவனம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "சம்பளம்?"
பாதி என்றேன்.
அவள் சொம்பு வைத்த சத்தம் எதிர்வீடு வரை போனது.

வண்டிகளை ஒப்படைத்தேன்.
ஜாக்கிகளை எடைக்குப் போட்டேன்.
சுவரெல்லாம் கரிக்கோட்டில் போன் நம்பர்கள்;
பிரியாணிக் கடை வைக்கப்போகிறவர்
சுண்ணாம்பு அடித்துக்கொள்வதாகச் சொன்னார்.
பீலர் கேஜை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கே.வி.குப்பம் தாண்டி ஐ.டி.ஐ.
இருபத்திரண்டு பையன்கள், இரண்டு பெண்கள்.
முதல் நாள் கரும்பலகையில் கார்புரேட்டர் என்று எழுதினேன்.
"ஒரு ர் விட்டுட்டீங்க சார்" என்றாள் கோட்டீஸ்வரி.

இரண்டாம் நாள் எஞ்சின் கிளம்பவில்லை.
ஆளுக்கொரு பக்கம் தடவினார்கள்.
பொறுக்கவில்லை எனக்கு;
ஸ்பேனரைப் பிடுங்கி இரண்டே நிமிஷத்தில் ஓடவிட்டேன்.
கை தட்டினார்கள்.
பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது:
இன்றைக்கு ஒருவரும் ஒன்றும் கற்கவில்லை,
நான் இன்னும் கடையைச் சாத்தவில்லை.

மூன்றாம் நாள் ஏழரைக்கே போனேன்.
நன்றாக ஓடும் எஞ்சின்.
சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன், திருடன் மாதிரி.
ஆர்டர் வந்த கவரின் ஓரத்தில் நகக்கண் அளவு கிழித்து
டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து
பாயிண்ட்டுகளுக்கு நடுவே செருகினேன்.
பொறி செத்தது.
மூடினேன்.
வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வண்டியைக் கெடுத்தேன்.

"இன்னா சார் இது, நேத்து ஓடுச்சே!"
கைகள் இரண்டும் பேண்ட் பைக்குள்.
வலது கை தானாக வெளியே வரப் பார்க்கிறது,
இடது கையால் அதைத் திட்ட முடியவில்லை.
பெட்ரோல் இருக்கிறது என்கிறான் ஒருவன்.
பேட்டரியைக் குறை சொல்கிறான் இன்னொருவன்.
சாப்பாட்டு மணி அடித்து எட்டு நிமிஷம் ஆயிற்று,
பாதிப் பேர் போய்விட்டார்கள்.

கோட்டீஸ்வரி போகவில்லை.
காயிலிலிருந்து புறப்படும் கம்பியின் வழியே
கண்ணை மட்டும் நடத்திக்கொண்டிருக்கிறாள்,
மெதுவாக,
மூடி வரைக்கும்.