ஆறு மில்லிமீட்டர்

காலை நாலே முக்கால். வின்னிபெக்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இன்குபேட்டருக்குள் முப்பத்தைந்து,
மதுரைக்குப் பங்குனி.
இரண்டுக்கும் இடையில் நான்,
சாக்ஸ் இரண்டு ஜோடி.

தட்டை எடுத்து விளக்கடியில் சாய்க்கிறேன்.
கஞ்சியாடை நிறத்தில் அகார்.
நேற்று பஞ்சுக்குச்சியால்
மூன்று திசையில் இழுத்து விதைத்தது
ஒரே இரவில் நாற்றங்காலாகிவிட்டது.
நடுவே ஐந்து காகித வில்லைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து.

மருந்து வேலை செய்தால்
வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழும்,
மழைக்கு முன் நிலா கோட்டை கட்டுமே, அப்படி.
அகல் வட்டம் பகல் மழை என்பார்கள்.
இந்த மேசையில்
அகல் வட்டமென்றால் ஆள் பிழைப்பார்.

காலிப்பர் வைக்கிறேன்.
முதல் வில்லை, ஆறு.
ஆறு என்பது வில்லையின் சொந்த அகலம்.
வட்டமே விழவில்லை.
காகிதத்தில் முதுகை உரசிக்கொண்டு
நிற்கிறது பயிர்.
இரண்டாவது, ஆறு.
மூன்றாவது.
நான்காவதை இருமுறை அளந்தேன்,
எண்ணுக்கு இரக்கம் வரும் என்பதுபோல.
ஆறு.
என் மொழியில் அது
புண்ணுக்கு இடும் கட்டளையும்தான்.

ஐந்தாவதில் மட்டும் பதினொன்று.
அந்தச் சிறு வட்டத்துக்குள்ளும்
ஊரடங்கை மதிக்காமல் தெருவில் நிற்கும்
இரண்டு புள்ளிகள்.

லேபிளில்: வால்ட்டர் ஃப்ரீசன், எழுபத்தொன்று,
இடுப்பு மூட்டு மாற்று.
ஆல்டோனாவில் சூரியகாந்தி போடுகிறவராம்.
படிவத்தில் அது இல்லை,
நாலாம் மாடி மரிசெல் சொன்னாள்.
போனில் நான் படிக்க,
விதிப்படி அவள் திருப்பிப் படித்தாள்,
கிளெப்சியெல்லா, எதிர்க்கிறது, எதிர்க்கிறது,
நடுவில் ஒருமுறை எச்சில் விழுங்கி.
பிறகு கேட்டாள்:
"அந்த வாஷ்பேசினா?"

நவம்பரில் அதே அறையில் இன்னொருவர் இருந்தார்.
குழாயை மாற்றினார்கள், பிளீச் ஊற்றினார்கள்.
வடிகாலின் வளைவுக்குள் அது
வழவழவென்று தன் பாயை
நெய்துகொண்டேயிருந்திருக்கலாம்,
தண்ணீர் திறக்கும்போதெல்லாம்
ஒரு துளி மேலே தெறித்து.
கை கழுவுகிற இடத்திலிருந்து!

எட்டு மணிக்கு மகள் வருவாளாம்.
மஞ்சள் அங்கி, நீலக் கையுறை.
அப்பாவின் நெற்றி எவ்வளவு சுடுகிறது என்று
அதன் வழியாகத் தெரியுமா, தெரியவில்லை.

அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது
என் சமையலறை இழுப்பறை நினைவுக்கு வந்தது.
சீட்டுக் கேட்காத கடையொன்றில்
ஊரில் வாங்கி, பெட்டியில் மடித்துக் கொண்டுவந்த அட்டை.
போன மாதம் நன்மாறனுக்குச் சளி.
மூன்று நாள் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது
(தானாகவே இறங்கியிருக்கும்), நிறுத்தினேன்.
மீதி நான்கு, ரப்பர் பாண்ட் போட்டு,
வெந்தயப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.
மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம்.
நான் மிச்சம் வைத்தது மாத்திரையை.
மாத்திரை எதை மிச்சம் வைத்தது?
பதினெட்டு வருடமாக
இதே ஸ்டூலில் உட்கார்ந்து வட்டம் அளப்பவள்.
இதை மரிசெல்லிடம் சொல்லவில்லை.

தட்டு பைக்குள் போனது.
ஆட்டோகிளேவில் நூற்றிருபத்தொரு டிகிரி,
அரை மணியில் அடங்கிவிடும்.
ஃப்ரீசனுக்குள் அந்தச் சூட்டை வைக்க முடியாது.

ஏழேகால். பேருந்து நிறுத்தம். இன்னும் இருட்டு.
மேற்கே நிலா, பனித்தூளில் கோட்டை கட்டி,
தானியக் கிடங்குகளையும் ரயில் பாலத்தையும்
சேர்த்து வளைத்திருந்தது.
கையுறையைக் கழற்றினேன்.
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து
பழக்கத்தில் அளந்தேன்.
விரல்கள் மரத்துப்போயின.

பேருந்து வந்தது.
ஏறிக் கம்பியைப் பிடித்தேன்.
எனக்கு முன் யார் பிடித்திருந்தார்களோ,
இளஞ்சூடாக இருந்தது.