பிளாஸ்க்

பெங்களூர் வண்டியில் வந்து
பெரம்பூரில் இறங்கினான் தேசிங்கு.
மடியோடு அணைத்த பிளாஸ்க்,
அவன் பெண்டாட்டிக்கு ஸ்டான்லியில் கஞ்சி சுமந்தது.

கொருக்குப்பேட்டை கேட்டுக்குப் பின்னால் எங்கள் பார்.
"கூலிங் இருக்கா?" என்றால்
"நேத்து வந்துருக்கணும்" என்பார் வரதன்.
மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள்.
கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
மேசை ஒருமுறை பல்லைக் கடிக்கும்.

மூன்று வருடமாக
மஞ்சள் லேபிள், சிவப்பு லேபிள்,
மறுநாள் தலை வலிக்கும் லேபிள்,
எல்லாம் பார்த்தாயிற்று.
ஒரே ருசி. விலைக்கு மேல் பத்து ரூபாய்.

"இது அங்கியே டேங்க்ல காய்ச்சறது.
கோதுமை, ஆரஞ்சுத் தோலு, அப்பால இன்னா, தனியா.
குடிக்கசொல்ல பொறுமையா குடி."

நாலு டம்ளர். நுரை
ஜோலார்பேட்டையிலேயே செத்திருக்க வேண்டும்.
நீராகாரம், என்றான் மோசஸ்.
கன்னியப்பன்: ரசத்துக்குப் பொறந்த பீரு.
எனக்கு முதலில் ஒன்றுமில்லை,
விழுங்கிக் கொஞ்சம் கழித்து
பக்கத்து சீட்டில் யாரோ
ஆரஞ்சு உரிக்கிற மாதிரி.

"உனக்கு அங்க எது புடிக்கும்?"

தேசிங்கு டம்ளரையே பார்த்தான்.
"நான் டேங்க் கழுவறவன் மச்சான்.
ஒரு கிளாஸு நானூத்தி இருவது ரூபா.
இன்னிக்குத்தான்."

வெளிச்சரக்கு கூடாதென்று சொல்ல
வரதன் வந்து நின்றார்.
அவருக்கும் ஒரு மூடி.
"கூலிங் இல்லியே" என்றார்,
மூடியைத் திருப்பித் தராமல்.

தேசிங்கு மூக்கருகே வைத்து
வெகுநேரம் முகர்ந்தான்.
"சோப்பு வாசனை இல்ல"
என்றான்.
அப்புறம்தான் குடித்தான்.