பதின்மூன்று மில்லி ஸ்பேனர்

மைனஸ் முப்பத்தாறு என்றது காரின் வானொலி.
சஸ்காட்செவனில் ஜனவரி, எண்பத்து மூன்று.
நான் எடை அளவு ஆய்வாளன்.
பின் இருக்கையில் ஈய முத்திரைகள், குறடு,
லிட்டர் சரிபார்க்கும் செம்புக் குடுவை,
மூன்று நகல் வைத்த அபராதப் படிவம்.

சாலைப் பலகைகளைக் கிலோமீட்டருக்கு மாற்றி
ஆறு வருடம் ஆகிறது.
ஆனாலும் ஒன்று புள்ளி ஆறுக்கு ஒருமுறை
தவறாமல் வருகிறது ஒரு குறுக்குச் சாலை.
பலகையைத்தான் மாற்றினோம்.
நிலத்துக்கு மைல் மைலாகக் கட்டம் போட்டு
எப்போதோ கோதுமைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரெஸ்ட் பிட்லூப்னியின் பெட்ரோல் பங்கில்
மீட்டர் லிட்டர் காட்டியது, இம்மி பிசகாமல்.
அதன்மேல் அவர் கைப்பட எழுதிய அட்டை:
"காலன் என்ன விலை? உள்ளே வந்து கேளுங்கள்.
காப்பி இலவசம்."

"இதைக் கழற்றணும்" என்றேன்.
பதில் இல்லை. பட்டறைக்குள் கூட்டிப் போனார்.
சிவப்புப் பெட்டியில் அங்குல ஸ்பேனர்கள்.
நீலப் பெட்டியில் மில்லிமீட்டர்.
"இந்த நீலத்தை வாங்கச் சொல்லி
எந்த மந்திரி எனக்குக் கடிதம் போட்டான்?
டிராக்டர் கம்பெனிக்காரன் நட்டை மாற்றினான்,
நான் பெட்டி வாங்கினேன்.
பிழைப்பு சொன்னால் ஒரே நாளில் படிப்பேன்.
நீங்கள் சொன்னால் எதற்குப் படிக்கணும்?"

அவர் வலக்கை முட்டிகளில் தோல் இல்லை.
கேட்டேன்.
"பதின்மூன்று மில்லி ஸ்பேனர்
அரை அங்குல நட்டில் மாட்டும். பிடிக்காது.
மயிரிழைதான் இடைவெளி.
பலமாய் இழுத்தால் அங்கேதான் ரத்தம்."
"எத்தனை வருடமாய்?"
"ஒன்பது."
"எல்லா நட்டையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லி
அன்றைக்கே யாராவது உத்தரவு போட்டிருந்தால்..."
"என் பழைய அறுவடை இயந்திரத்துக்கு
அந்த யாராவது பணம் தருவானா?"

எனக்குத் தெரியவில்லை.
தெரியாதபோது எழுதுவது என் வழக்கம்;
படிவத்தில் அவர் பெயரை எழுதினேன்.

"மைல் மக்களுடையது, மிஸ்டர் கில்லிஸ்."
மைலும் ஒரு குமாஸ்தாவின் உத்தரவுதான் என்றேன்.
நூறு வருடம் முன்னால்
இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு
என்னைப் போன்ற சிலர் இங்கே வந்தார்கள்,
எண்பது சங்கிலிக்கு ஒரு முளை அடித்தபடி.
அதற்கு முன் இங்கே நடந்த கிரீ மக்கள்
தூரத்தை இரவுகளால் எண்ணினார்கள்.
அவர்களை யாரும் கேட்கவில்லை.
ஒரெஸ்ட் என் கோப்பையை நிரப்பினார்.
"அதையும் படிவத்தில் எழுதுங்கள்."

திரும்பும் வழியில் பனிக்காற்று.
கார் பள்ளத்தில் இறங்கியது,
சாண் ஏறி முழம் சறுக்கி
நின்றேவிட்டது.
இறங்கி நடந்தேன்.
அடுத்த குறுக்குச் சாலையில் ஒரு வீடு இருக்கும்,
அது எத்தனை அடிகளில் வரும் என்று
கால்களுக்குத் தெரிந்திருந்தது
மைலில்.

அந்த வீட்டுப் பெண் தொலைபேசியைக் கையில் கொடுத்தாள்.
அந்த வட்டாரத்தில் இழுவை வண்டி ஒன்றே ஒன்று.

ஒரெஸ்ட் கொக்கி மாட்டும்போது
வண்டிக் கதவின் வெப்பமானியைப் பார்த்தேன்.
இடப்பக்கம் செல்சியஸ், வலப்பக்கம் ஃபாரன்ஹீட்.
இரண்டும் மைனஸ் நாற்பது.
அவரும் பார்த்தார்.
பேச நினைத்தால் பல் அடித்துக்கொண்டது.

பங்கில் பில் போட்டார்.
சுவரில் விலைப்பட்டியல்:
இழுவை, மைலுக்கு மூன்று டாலர்.
மைலை அடித்துக் கிலோமீட்டர் என்று எழுதினார்.
மூன்றை அடிக்கவில்லை.
ஆறரை மைல் பத்தரை ஆனது.
"சட்டம்" என்றார், கண் சிமிட்டாமல்.

பணம் கொடுத்தேன். ரசீதும் கேட்டு வாங்கினேன்.
வெளியே காற்றில் அந்த அட்டை
இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
காரில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்தேன்.
பேனாவில் மை உறைந்திருந்தது.
அதைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.