நில்லு, இப்போ

களியக்காவிளை சோதனைச் சாவடியில்
பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
மூன்று துண்டாகக் கழற்றிய தண்டு,
கைலியில் சுற்றிய தலை,
கம்பளிக் காலுறைக்குள் லென்ஸ்.
துப்பாக்கியா என்றார் ஒருவர்.
சின்னதைப் பெரிசாக்கும் மிஷின் என்றேன்.
"அப்போ எனக்க சம்பளத்த உள்ள வை"
என்று மற்றவர் மூடியைத் தட்டி அனுப்பினார்.
பல்பை அவர்கள் பார்க்கவில்லை.
அது என் மடியில்
டப்பாவுக்குள் பொரியின் நடுவே
தக்கலை வரை உடையாமல் வந்தது.

பதினொரு கிலோ.
அரை டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரும் உண்டு.
நெகட்டிவை மட்டும் கொண்டுவா,
மற்றதை என் லேபில் பார்த்துக்கலாம் என்பான்
திருவனந்தபுரத்து ரெஜினால்டு.
முகம் தண்ணீரில் எழுந்து வரும்போது
முகத்துக்குரியவர் கீழே
தேங்காய் துருவிக்கொண்டிருக்க வேண்டும் எனக்கு.
காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

கடியபட்டணத்தில் பிரிசில்லா வீட்டு மாடி
பாதி கட்டியது.
தம்பி சவுதியிலிருந்து பணம் அனுப்பும் மாதம்
சுவர் உயரும்.
ஜன்னலுக்குக் கதவு போடும் மாதம்
இன்னும் வரவில்லை.
அந்த ஓட்டை வழியே
முட்டத்துக் கலங்கரை விளக்கு
சுற்றிச் சுற்றி எட்டிப் பார்த்தது,
தாள் பெட்டியைத் திறக்க விடாமல்.
உபதேசியார் ததேயுஸ்
தவக்காலத்தில் சொரூபங்களை மூடும் ஊதாத் துணியை
நான்காக மடித்துத் தந்தார்.
"மருந்து பட்டுரப்படாது, பாத்துக்க."

மூன்று மீன் தட்டுகள்.
நீலத்தில் டெவலப்பர், மஞ்சளில் தண்ணீர், சிவப்பில் ஹைப்போ.
எத்தனை முறை கழுவியும் ஒரு செதில் மிதந்தது.
சிவப்பு வெளிச்சத்துக்குப்
போன கிறிஸ்மஸின் தாள் நட்சத்திரம்,
கிழிந்த மூலையில் கறுப்பு டேப்.

முதல் படம்.
வலைக் கிழிசல் முடிகிற கிளீற்றஸுக்கு
நான்கு கை.
திருகுகளை இறுக்கினேன்.
தண்டின் அடியில் சிகரெட் அட்டையைச் செருகினேன்.
இரண்டாவது படம்:
நான்கு கை, இரண்டு மூக்கு.
ஏழு தாள் போயிற்று.
ஒரு தாள், ஒரு வேளை மீன் சாப்பாடு.

படியில் உட்கார்ந்து
ஈரவெங்காயம் உரித்தபடி பிரிசில்லா சொன்னாள்:
"கடலாக்கும் இடிக்குது.
ஆனி ஆடியில இந்த வீட்டுல
மாதா படம்கூட நேரா நிக்காது."

உள்ளே வந்து சுவரில் உள்ளங்கை வைத்தாள்.
இருட்டில் வளையல் சத்தம் அடங்கியது.
"நில்லு."
தரைக்குக் கீழே ஏதோ முதுகைப் புரட்டியது.
"இப்போ."
அட்டையை விலக்கி ஐந்து எண்ணினேன்.
"நில்லு."
மூடினேன்.
என் காதுக்கு வரும் முன்பே
அவள் கைக்கு வந்துவிடுகிறது அலை.
இருபத்து நான்கு விநாடி வெளிச்சத்தைப்
பிய்த்துப் பிய்த்துப் போட்டோம்,
கோழிக்குத் தீனி போல.

நீலத் தட்டில் கிளீற்றஸ் வந்தார்.
இரண்டே கை.
வலை ஊசியின் நாக்கு வரை தெரிந்தது.
துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.
குதித்தால் தண்டு ஆடும்.

காய்ந்ததும் இரண்டு படத்தையும் நீட்டினேன்.
நான்கு கைப் படத்தை உருவிக்கொண்டாள்.
"இதாக்கும் எனக்க மாப்பிள.
ரண்டு கை வலையில.
மற்ற ரண்டும் எங்கயாவது
கடன் வாங்கிட்டு இருக்கும்."

கூலி, ஒரு பொதி நெத்தோலிக் கருவாடு.
வேறு இடமில்லாமல்
கைலி சுற்றிய தலைக்குப் பக்கத்தில் திணித்தேன்.
குலசேகரம் பஸ் ஸ்டாண்டில்
ஒரு நாய் பெட்டியை விடவே இல்லை.

இப்போது பேச்சிப்பாறை.
ரப்பர் தோட்டத்து லயத்தில் ஓர் அறை.
ஜன்னலுக்குத் துணி வேண்டாம்,
வெளியே அவ்வளவு இருட்டு.
மேஜையில் வைத்த தண்ணீர்
வைத்தபடி இருக்கிறது.
இருபத்து நான்கையும்
ஒரே மூச்சில் எண்ணிவிடலாம்.

ஐந்து வந்ததும்
கை தானாக அட்டையை நீட்டுகிறது.
மூடிக்கொண்டு நிற்கிறேன்.
தாளில் ஒரு பால்வெட்டுக்காரியின் நெற்றி
கால்வாசி விழுந்திருக்கும்.