உங்கள் துறையைத் தெரிவு செய்க

கிரீனிச்சில் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது என்றால்
திருநெல்வேலியில் விடிய ஐந்து இருபத்தொன்பது.
அவர்களுடைய நள்ளிரவு முடியும்வரை
ஐந்தரை மணித்தியாலம் எனக்குக் கடன்.

படிவம் பெயரிலேயே மறித்தது.
முதற்பெயர். குடும்பப்பெயர்.
வேறு வழியில்லாமல் அப்பாவைக் கடைசியில் நிறுத்தினேன்.
இனி வருகிற கடிதமெல்லாம்
"அன்புள்ள தில்லைநாதன்" என்றுதான் வரும்,
பத்தாம் வகுப்போடு நின்று
லொறிக்கு டயர் மாற்றுகிற மனிசனுக்கு.

அடுத்தது, உங்கள் துறையைத் தெரிவு செய்க.
ஒன்று மட்டும்.

பருத்தித்துறைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவில் பிறந்தவளிடம்
துறை கேட்கிறார்கள்.
எங்களுக்குத் துறை என்றால் வள்ளம் கட்டுகிற இடம்.
கட்டின வள்ளம் மீன் பிடிக்காது.

குருநகரில் கிணறு கிணறாய்ப் போய்
நுளம்புக் குடம்பி அள்ளுகிறேன். அது விலங்கியல்.
கிணற்றுக்குள் கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று
மானியை இறக்கிப் பார்க்கிறேன். அது புவியியல்,
இரசாயனம் என்று சண்டைக்கு வருவோரும் உண்டு.
லீற்றருக்குப் பத்துக் கிராம் உப்பிலும் நெளிகிறது
நல்லதண்ணிக் குடம்பியை விட்டு எங்கே பிரிந்தது என்றால்
மரபணு.
அடுத்த மாரிக்கு எந்த ஒழுங்கையில் காய்ச்சல் என்றால்
கணிதத்து அருள்சீலன்.
ரோல்ஸ் சுற்றின கடதாசியில் ஒரு வளைகோடு கீறித் தந்து
"உன்ர நுளம்பு என்ர சமன்பாட்டுக்கு அடங்குதில்லை" என்றான்,
ஏதோ நான் வளர்த்த பிள்ளை மாதிரி.

பட்டியலைக் கீழே கீழே இழுத்தேன்.
அடியில் "மற்றவை."
அமத்தினால் காரணம் எழுதச் சொன்னது,
நூறு எழுத்துக்குள்.

விண்ணப்பக் கட்டணம் எழுபத்தைந்து பவுண்.
விலக்குக் கேட்கலாம், வறுமைக்குச் சான்று இணைக்கவும்.
கிராமசேவகர் தந்தார்.
அதை மொழிபெயர்த்து முத்திரை குத்த நாலாயிரம்.
தற்காலிகப் போதனாசிரியருக்கு
வறுமையும் தவணை முறையில்தான்.

நாலாம் கேள்வி.
நீங்கள் தாண்டி வந்த ஒரு தடையை விபரிக்கவும்,
ஐந்நூறு சொல்.
எதைத் தேடுகிறார்கள் என்று தெரியும்.
என்னிடம் இருக்கிறது.
அந்த வருசம், அந்தக் கடற்கரை, பதினொரு வயது.
எழுத எழுத நானூற்றுத் தொண்ணூற்றாறில் வந்து நின்றது.
தம்பியின் பெயருக்குப் பிறகு
காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்று
பத்து நிமிசம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முழுவதையும் அழித்தேன்.

மூன்று மணிக்கு யசிந்தா அக்காவை எழுதினேன்.
ஆறு கிழமை கிணற்று மூடியைத் திறக்க விடவில்லை அவ.
"குடம்பி கிடக்குதெண்டு தண்டம் எழுதினவங்கள்,
நீயும் அந்தக் கூட்டமோ?"
ஏழாம் கிழமை தானே ஒரு வாளி அள்ளி வைத்துவிட்டுக் கேட்டா:
"நுளம்பைப் படிக்கவும் காசு குடுப்பினமோ?"
குடுத்தால் நாலு வருசம், அக்கா.
"அதுக்குப் பிறகு?"

ஐந்தாம் கேள்வியும் அதுதான்.
அவர்கள் கொஞ்சம் நீட்டிக் கேட்டிருந்தார்கள்.

ஐந்து பத்துவரை பேராசிரியரின் கடிதம் "கிடைக்கவில்லை."
நான் நாலு தரம் எடுத்து, நாலு தரம் வைத்தேன்.
ஐந்து இருபத்தொன்றுக்கு "கிடைத்தது."
அந்த மனிசனும் நித்திரை கொள்ளவில்லைப் போல.

ஐந்து இருபத்தாறு. அனுப்பினேன்.

சங்கும் சேமக்கலமுமாய்
மார்கழிப் பெடியள் ஒழுங்கையால் போனாங்கள்.
நாய்கள் வழக்கம்போல் கூடவே பாடின.
மேசையில், வலைத்துணி கட்டின ஜாம் போத்தலுக்குள்
ஒன்று தோலைக் கழற்றி
உப்புத் தண்ணியின்மேல் நின்று
செட்டை காயவிட்டது.
ஆண். உணர்கொம்பு இறகு போல. கடிக்காது.
நேரம் எழுதி, பக்கத்தில் "12 கிராம்" என்று போட்டேன்.

ஏழு மணிக்குக் குருநகர்.
சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும்.

"மற்றவை"க்கு நான் எழுதின காரணம்
எண்பத்தொன்பது எழுத்து.
அதில் ஒன்று பிழை.
இப்பதான் கண்டேன்.