ஒற்றைத் தடம்

லோங்கிமாய் போகும் சுரங்கத்தில் ஒரே தடம்.
கிழக்கிலிருந்து வண்டி வரும்போது மேற்கு நிற்க வேண்டும்.
நிறுத்துவது நான். சுங்கம் வாங்குவதும் நான்.
இடையில் கிடைப்பது பத்து நிமிடம், சிலபோது இருபது.
ஹீட்டர் பக்கத்தில் விரித்துவைத்த வேதம்.

வசனத்தின் நடுவில் ஹார்ன் அடிக்கும்.
கடல் இரண்டாய்ப் பிளந்து நிற்கும்,
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பேன்.
திரும்பி வந்தால் தண்ணீர் அப்படியே நிற்கிறது,
எனக்காக.

ஞாயிறுகளில் போதகர் வரைபடம் மாட்டிப் பேசுவார்:
இங்கே எகிப்து, இங்கே வனாந்தரம்,
இத்தனை நாள் நடை.
நல்ல மனிதர். குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார்.
அந்தக் குச்சி எனக்கு
நெஞ்செலும்புக்குக் கீழே எங்கோ இடிக்கும்.
எகிப்து அங்கே இல்லை போதகரே என்று வாய் வரை வரும்;
தேநீர் ஊற்றப் போய்விடுவேன்.

முதலில் நானும் ஊரார் கதையாகத்தான் வாசித்தேன்.
யாரோ அடித்தார்கள், யாரோ அழுதார்கள்,
யாரோ யாருக்கோ மகன்.
போன ஜூனில், எங்களுக்கு அது நடுக்குளிர்,
பனிப்புயல் என்று சாலையை மூடிவிட்டார்கள்.
பதினோரு மணிநேரம் ஒரு வண்டியும் இல்லை.
ஒரு கதையை ஹார்ன் இல்லாமல்
முடிவுவரை வாசித்தது அன்றுதான்:
கண் மங்கிய தகப்பன். இறைச்சிக் குழம்பின் வாசனை.
ஆட்டுத்தோல் சுற்றிய கையை நீட்டுகிறான் இளையவன்.
தகப்பன் தடவிப் பார்க்கிறார்.

தடவிய இடம் என் கை.

என் அப்பாவுக்கும் கண்ணில் புரை.
அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து
பெஹுவேன் மரங்கள் நிற்கும் சரிவை என் பேருக்கு
அழுத்தி எடுத்தவள் நான்.
"யாரு, நிபால்தோவா?" என்று கேட்டார்.
நான் பதில் சொல்லவில்லை.
பொய் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை என்று
அதையே எண்ணி எண்ணி வைத்திருந்தேன் இத்தனை வருடம்.

அதன் பிறகு வேதத்தில் வேறு ஆட்களே இல்லை.
ஏமாற்றியவன் நான்.
வேட்டையிலிருந்து தாமதமாய் வந்து
உரத்து அழுத மூத்தவன், அவனும்
எனக்குள்தான் அழுதுகொண்டிருக்கிறான்.
ஆற்றங்கரையில் விடியும்வரை மல்லுக்கட்டிய இரவுக்கு
என் கூண்டு போதும், நாலடிக்கு ஐந்தடி.
இடுப்பு பிசகியது உண்மை.
நாற்காலியால் என்கிறாள் மருந்துக்கடைப் பெண்.

ஷிஃப்ட் முடிவதற்குள் ஒருமுறை கண்ணை மூடுவேன்.
அண்ணன் லாரி நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது.
எர்சிலியா என்கிறான். அவ்வளவுதான்.
அந்தக் குரலைச் சரியாக வரவழைக்க இரண்டு மாதம் ஆயிற்று;
முதலில் அப்பா குரல்தான் வந்தது.
இது ஜெபமா என்று கேட்டால் தெரியாது.
அதில் கனவு கண்டவர் யாரும்
முன்கூட்டி அனுமதி கேட்டதாக எழுதியிருக்கவில்லை.

செவ்வாய், விடியற்காலை நாலே முக்கால்.
சுரங்கத்துக்குள் ஒற்றை வெளிச்சம்.
மோட்டார் சைக்கிள் என்று நினைத்தேன்.
விறகு லாரி.
ஆறு வருடமாய் என்னைப் பார்க்காமல் காசு நீட்டும் கை,
ரோமம் அடர்ந்த கை.
தொட்டேன். காசு வாங்கத் தொட்டுத்தானே ஆக வேண்டும்.
ஒத்திகை பார்த்ததில் ஒன்றுகூட நாக்கில் இல்லை.
"இடது விளக்கு எரியல" என்றேன்.
"தெரியும்" என்றான்.

தடுப்பைத் தூக்க வேண்டும். பின்னால் நாலு வண்டி.
அவன் கியர் மாற்றவில்லை.
நானும் பொத்தான்மேல் விரலை வைத்தபடி இருந்தேன்,
தண்ணீர் எவ்வளவு நேரம்தான் நிற்கும்
என்று பார்ப்பவளைப் போல.